சத்தமில்லாமல் கிளம்பிய லேர்கா

ஹெல்லேவிக்,
பிப்ரவரி 2

அன்புள்ள எல்டார்,

நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. காலெலும்பு இரண்டு இடத்தில் உடைந்து, கணுக்கால் நசுங்கி, இரண்டு ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறவனிடம் அதைக் கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அதனால் ராத்திரி கொஞ்சமாவது தூங்குகிறாயா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நீ போனை அணைத்து மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டாயாம். ஆபீசிலிருந்து யாரோ பேசிய நாள் முதல் அப்படித்தான் கிடக்கிறதாம். கடையில் கேள்விப்பட்டேன். மார்கித் சொல்லவில்லை. உன் மனைவி இப்போதெல்லாம் என்னைக் கண்டால் பால் பாக்கெட்டில் தேதி பார்க்கிற சாக்கில் திரும்பிக்கொள்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். லேர்காவின் தலைமை இன்ஜினியர் நான். அந்தக் கப்பல் அவள் புருஷன் காலை நசுக்கியிருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரிக்கவா முடியும்?

பெர்கன் ஆஸ்பத்திரியில் சாப்பாடு எப்படி? அங்கே மீனை வெள்ளை சாஸில் மூழ்கடித்துக் கொடுப்பார்கள் என்று என் தங்கை சொன்னாள். உன் இடத்தில் ஓலெசுண்டிலிருந்து ஒரு ஆளைப் போட்டிருக்கிறார்கள். நல்லவன்தான், ஆனால் ஸ்வேலே அப்பம் சுடுகிறேன் என்று கல்லில் மாவைக் கொட்டிவிட்டுப் போன் பார்க்கிறான். இருபது நிமிடப் பயணத்துக்குள் ஒரு ஸ்வேலேயும் பழுப்புச் சீஸும் கிடைக்கவில்லையென்றால் இந்த ஃபியோர்டுக் கடல்கழியைக் கடப்பதில் என்ன பிரயோஜனம் என்று பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் எழுதியே கொடுத்துவிட்டார்.

கேப்டன் ஹால்வர்ட் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பிறகு அவர் லீவரைத் தொடுவதற்கு முன் சுக்கான் அறையை விட்டு வெளியே வந்து, கைப்பிடியில் வயிற்றை அழுத்திக்கொண்டு குனிந்து, கரையிலிருந்து கார் ஏறி வரும் சாய்பாலத்தின் இரண்டு ஓரத்தையும் தன் கண்ணால் பார்க்கிறார். பார்த்த பிறகும் ஒரு முறை பார்க்கிறார். ஒவ்வொரு தடவையும் நான்கு நிமிடம் தாமதம். கார்காரர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள். “அடிக்கிறவன் மேலே வந்து ஓட்டட்டும்” என்கிறார். வேறு எதுவும் பேசுவதில்லை. முன்பும் பேசமாட்டார், அது வேறு மாதிரி.

நீ வேட்டையிலிருந்து கொண்டுவந்து தந்த மான் இறைச்சி இன்னும் என் ஃப்ரீஸரில் இருக்கிறது. “தொடைக்கறி, வெண்ணெய் நிறைய போடு, கஞ்சத்தனம் பண்ணாதே” என்று உன் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறது. திறக்கிறேன், படிக்கிறேன், மூடிவிடுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆபீசின் பாதுகாப்பு அதிகாரி பெண்டிக் இரண்டு நாள் கப்பலில் இருந்து எல்லாரிடமும் விசாரித்தான். கெட்டவன் இல்லை. தாளில் இருப்பதெல்லாம் நடந்தது, தாளில் இல்லாதது நடக்கவில்லை என்று நம்புகிற ஜாதி, அவ்வளவுதான். அவன் கணக்குப்படி ஜனவரி ஒன்பதாம் தேதி காலையில் நீ தளத்தில் வரைந்திருக்கும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றபடி, கேப்டனுக்குத் தகவல் போகும் ‘தயார்’ பொத்தானை அழுத்தினாய். கோட்டுக்கு உள்ளே வந்த பிறகுதான் அழுத்த வேண்டும் என்பது விதி. ஆகவே தப்பு உன்னுடையது. “டீசலை எடுத்துட்டு பேட்டரி வைக்கிற மாற்றம் பத்தி அவருக்கு முன்னாடியே தெரியும். ஃபாரத்துல அவர் பேர் இருக்கு பாருங்க. கேட்டோம், ஆட்சேபணை இல்லைன்னு சொல்லியிருக்கார்” என்றான்.

மார்ச் ஆறாம் தேதி விசாரணைக் கூட்டம். அதில் இப்படியே எழுதிவிட்டால், கால் தேறினாலும் உன்னைத் தளத்தில் ஏற்ற மாட்டார்கள். கரையில் ஏதாவது சேமிப்புக் கிடங்கில் கயிறு எண்ண உட்கார வைப்பார்கள். முப்பத்தொரு வருஷம் ஃபெர்ரியில் நின்ற மனுஷன். எனக்கு நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அக்டோபரில், அந்த மாற்றத்தைப் பற்றி, நான் உன்னிடம் பேசினேனா? காபி குடிக்கும்போதோ, படிக்கட்டில் பார்க்கும்போதோ? அவசரமில்லை. நினைவுபடுத்திப் பார்த்து இரண்டு வரி எழுது.

கையுறை பின்னி அனுப்பியிருக்கிறேன். இடது கட்டைவிரல் கொஞ்சம் கோணல். இன்ஜினியர் பின்னினால் அப்படித்தான் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சிநேகிதி,
தோர்தீஸ்

•

ஹெல்லேவிக்,
பிப்ரவரி 13

அன்புள்ள எல்டார்,

உன் கார்டு வந்தது. நான்கே வரி. அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டாய். ‘நீ கேட்டிருப்பே, நான்தான் மறந்திருப்பேன். எங்க அம்மாவுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சுது. தப்பு என்னோடதுதான். நீ இதைப் போட்டு மனசை உழப்பிக்காதே’ என்று எழுதியிருக்கிறாய்.

உன் அம்மாவை எனக்குத் தெரியும். கடைசிக் காலத்தில் அடுப்பை ஏற்றிவிட்டுப் படகுத்துறைக்கு வந்து நிற்பார். நீ கப்பலிலிருந்து குதித்து ஓடிப்போய் வீட்டுக்குக் கூட்டிப்போவாய். அந்தப் பயத்தை நான் கேட்ட ஒரு கேள்வி உன் தலைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டது. நீ அங்கே கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, இன்னும் என்னென்ன மறந்திருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருப்பாய்.

உன் தலைக்கு ஒன்றுமில்லை எல்டார். நீ எதையும் மறக்கவில்லை. நான் உன்னிடம் கேட்கவே இல்லை. அந்தக் கட்டத்தில் உன் பெயரை எழுதியது நான்.

இப்போது முழுவதையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் கிழித்துப் போட்டுவிடாதே.

அக்டோபர் மூன்றாம் வாரம், புதன்கிழமை, கப்பலின் பயணிகள் கூடத்தில் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தோம். நான், ஹால்வர்ட், பெண்டிக். கப்பலில் எதை மாற்றினாலும் முதலில் ஒரு படிவம் எழுத வேண்டும், என்ன மாறுகிறது, அதனால் என்ன ஆபத்து, யாருடைய வேலை மாறுகிறது என்று. இருபத்திரண்டு பக்கம். அதில் ‘நன்மைகள்’ என்ற பகுதியில் ‘சத்தம் குறையும்’ என்று எழுதி அடிக்கோடு போட்டவள் நானேதான். இருபத்தெட்டு வருஷம் அந்த டீசலோடு குடித்தனம் பண்ணி இடது காது பாதி போனவள். எனக்கு அது பெரிய கொண்டாட்டம். சத்தம் குறைவதால் ஏதாவது ஆபத்து உண்டா என்று பெண்டிக் கேட்டான். படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இருந்தது, படித்தான். “ஆமா, இனிமே ஹால்வர்ட் மேலே கொட்டாவி விடறது எனக்குக் கீழே கேக்கும்” என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டான்.

அப்புறம் அந்தக் கட்டம் வந்தது. மாற்றத்தால் வேலை மாறுகிறவர்களிடம் கேட்டீர்களா, பெயர் எழுதவும். தளத்தில் சாய்பாலத்துக்குப் பக்கத்தில் நிற்பவன் நீ. உன் பெயர்தான் வர வேண்டும். ஆனால் அது உன் விடுப்பு வாரம். நீ மலைக்கு மேலே மான் வேட்டையில் இருந்தாய்.

நம் கப்பலில் விடுப்பு வாரத்தில் இருப்பவருக்குப் போன் அடிப்பதில்லை. இதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏதோ ஒரு சாவி எங்கே என்று கேட்கப் பழைய கேப்டன் உனக்குப் போன் அடித்து, நீ ஒரு மாதம் அவரோடு பேசாமல் இருந்தாய். என் அம்மா இறந்த வாரத்தில் குளிர்நீர் பம்ப் ஒழுகியபோது நீங்கள் எல்லாரும் மூன்று நாள் வாளியால் அள்ளி ஊற்றினீர்களே தவிர, எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்து பார்த்து நான் கத்தினேன். “லீவுல இருக்கிறவளை எப்படிக் கூப்பிடறது?” என்றாய் நீ. அந்த மரியாதையை நான் மறந்ததே கிடையாது.

படிவம் வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். அவர்கள் இருவரும் போன பிறகு போனைக் கையில் எடுத்தேன். உன் பெயர் திரையில் வந்தது. நீ பாறை மறைவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பாய், மணி அடித்து மான் ஓடிவிட்டால் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவாய் என்று தோன்றியது. வைத்துவிட்டேன். வந்ததும் காபி குடிக்கும்போது சொல்லிக்கொள்ளலாம், எல்டார் என்ன, வேண்டாமென்றா சொல்லப்போகிறான் என்று உன் பெயரை எழுதினேன். எதிரே ‘ஆட்சேபணை இல்லை’ என்றும் எழுதினேன்.

நீ வந்தாய். கறியோடு வந்தாய். முக்கால் மணி நேரம் அந்த மான் எங்கே நின்றது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கதை சொன்னாய். நான் வெண்ணெய் எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டேன். படிவம் என் நினைவிலேயே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நவம்பரில் பட்டறையிலிருந்து லேர்கா திரும்பி வந்த முதல் நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். நான் புது மோட்டாரைப் பெற்ற பிள்ளை மாதிரிக் காட்டிக்கொண்டு திரிந்தேன். நீ தளத்திலிருந்து இறங்கி வந்து கதவில் சாய்ந்து நின்றாய். “என்ன தோர்தீஸ், இது உயிரோட இருக்கா, போய்ச் சேந்துடுச்சா? எப்பக் கிளம்புதுன்னே தெரிய மாட்டேங்குதே!” என்றாய். “காதைக் கழுவிட்டு வாய்யா கிழவா” என்றேன் நான். சிரித்துக்கொண்டே மேலே போய்விட்டாய்.

நான் கேட்காத கேள்விக்கு நீ அன்றைக்குப் பதில் சொல்லிவிட்டாய். எனக்குத்தான் அது கேலியாகப் பட்டது.

டீசல் இருந்தபோது ஹால்வர்ட் லீவரை எடுத்தால் இன்ஜின் முதலில் உறுமும். தளமெல்லாம் அதிரும். பத்துப் பன்னிரண்டு விநாடி கழித்துத்தான் கப்பல் படகுத்துறையை விட்டு நகரும். முப்பத்தொரு வருஷமாக நீ அந்தப் பத்து விநாடிக்குள் வேலை பார்த்தாய். பொத்தானை அழுத்துவாய், பிறகு சாய்பாலத்தின் விளிம்பில் கட்டியிருக்கும் பனிக்கட்டியை இரும்புக் கம்பியால் தட்டிவிடுவாய், உறுமல் கேட்டதும் ஓரடி பின்னால் வருவாய். நீ மட்டுமல்ல, தளத்தில் நின்ற அத்தனை பேரும் அப்படித்தான். எந்த விதிப்புத்தகத்திலும் அது இல்லை. இல்லாததை நான் எப்படி எழுதுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். உன்னைக் கேட்டிருந்தால் காபி ஆறுவதற்குள் நீ சொல்லியிருப்பாய்.

டிசம்பர் முழுக்க மழை. பனிக்கட்டியே இல்லை. அதனால் ஒன்றும் நடக்கவில்லை. ஜனவரி ஒன்பதாம் தேதிதான் முதல் உறைபனி. நீ பொத்தானை அழுத்தினாய், கம்பியை எடுத்தாய், விளிம்பில் ஒரு காலும் கப்பலில் ஒரு காலுமாக நின்றாய். உன் கால் உறுமலுக்காகக் காத்திருந்தது. அது வரவே இல்லை. கப்பல் சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டது.

முன்பு எதிர்ப்பக்கம் யூஸ்தைன் நிற்பான், கத்தியிருப்பான். அவனையும் அதே நவம்பரில் வேறு வழித்தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்த மாற்றத்துக்குத் தனியாக ஒரு படிவம், அதை எழுதியது ஆபீஸ். புதுக் கப்பல் ஓட்டச் சுலபம், தளத்தில் ஒருவர் போதும் என்று அதில் இருக்கிறதாம். என் படிவத்தில், தளத்தில் இரண்டு பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் எழுதியிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவரும் படிக்கவில்லை. இதையும் நான் போன வாரம்தான் பார்த்தேன்.

போன கடிதத்தில் உன்னிடம் அப்படி ஏன் கேட்டேன் தெரியுமா? எங்கேயாவது பேச்சுவாக்கில் சொல்லியிருப்பேனோ, உனக்கு ஞாபகம் இருந்து நீ ஆமாம் என்று எழுதிவிட மாட்டாயா என்ற நப்பாசை. அடிபட்டுக் கிடக்கிறவனிடம் என்னைக் காப்பாற்று என்று கை நீட்டினேன். நீயும் காப்பாற்றத் தயாராகிவிட்டாய், உன் புத்தியையே விட்டுக்கொடுத்து. வெட்கமாக இருக்கிறது எல்டார். வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இதே விஷயத்தைப் பெண்டிக்குக்கு எழுதி, என் கையெழுத்துப் போட்டு, இந்தக் கடிதத்தோடு சேர்த்தே தபாலில் போடுகிறேன். நகல் உள்ளே இருக்கிறது. நீ என்னை மன்னித்தால்தான் சொல்வேன் என்று பேரம் பேசுவதாக ஆகிவிடக் கூடாது என்பதால் முன்கூட்டியே போடுகிறேன். நீ இதைப் படிக்கும்போது அவன் மேஜைக்கும் அது போயிருக்கும்.

பதில் எழுத வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. திட்டி எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன். இன்னொரு தடவை மட்டும் உன் அம்மாவோடு உன்னை ஒப்பிட்டு எழுதாதே.

கால் சீக்கிரம் கூடட்டும்.

தோர்தீஸ்

•

ஹெல்லேவிக்,
மார்ச் 9

அன்புள்ள எல்டார்,

இதைச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னல் வழியாக லேர்கா போவதும் வருவதும் தெரிகிறது. கூட்டம் முடிந்ததும் என்னை இரண்டு மாதம் கரையில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு என்ன பதவி என்பது அப்புறம் முடிவாகும். நியாயம்தான், எனக்குப் புகார் ஒன்றுமில்லை. கப்பலில் இருந்து ஒருவரும் போன் அடிப்பதில்லை. நேற்று அவர்கள் சார்ஜர் இணைப்பு கோளாறாகி அரை மணி நேரம் படகுத்துறையில் நின்றதைப் பார்த்தேன். எந்தத் திருகு என்று எனக்கு இங்கிருந்தே தெரியும். கூப்பிட்டால் சொல்லியிருப்பேன். கூப்பிடவில்லை, விடுப்பில் இருக்கிறேனாம்!

கூட்டத்தைப் பற்றி மார்கித் உனக்குச் சொல்லியிருப்பாள். அவள் பின்வரிசையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். இருந்தாலும் நான் பார்த்ததையும் எழுதுகிறேன்.

என் கடிதத்தை முன்பே படித்திருந்தும், நான் எல்லார் முன்னாலும் பேசி முடித்ததும் பெண்டிக்கின் முகம் வெளுத்துவிட்டது. “தோர்தீஸ், இதை நீங்க சொல்லாமலே இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே” என்றான் மெதுவாக, காபி எடுக்கப் போன இடத்தில். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். “எல்டாருக்கு மறதி வந்திருக்கும்னு எழுதியிருப்பீங்க, இல்லையா?” என்று கேட்டேன். கோப்பையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய், சத்தத்தைப் பற்றிய கேள்வியை நாங்கள் சிரித்துத் தள்ளியதையும், தான் ‘இல்லை’ என்று எழுதியதையும் அவனே எழுந்து நின்று சொன்னான். அவனைப் பற்றி முன்பு எழுதியதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

தலைமை ஆபீசிலிருந்து வந்த அம்மாள் விடவில்லை. எல்லாம் சரி, ஆனால் அவர் கோட்டுக்கு வெளியே நின்றது விதிமீறல்தானே என்றாள். அப்போது ஹால்வர்ட் எழுந்தார். நம் ஹால்வர்ட்! கல்யாணத்திலேயே ‘சம்மதம்’ என்று சொல்ல யோசித்த மனுஷன். “முப்பத்தொரு வருஷமா அவன் அங்கதாம்மா நின்னான். அதுல பதினாறு வருஷம் நான் மேலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு நாளும் வேணாம்னு சொன்னதில்லை. கட்டி தட்டலைன்னா சாய்பாலம் உக்காராது, கார் ஏறாது, ‘ஏன் லேட்டு’ன்னு நீங்கதான் கேப்பீங்க. தப்புன்னா என் பேரையும் பக்கத்துல எழுதுங்க” என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். அந்த லீவரைத் தள்ளியது அவர் கை. அதைப் பற்றி அவருக்கு நீதான் ஒரு வார்த்தை எழுத வேண்டும், நாங்கள் சொன்னால் ஏறவில்லை.

அறிக்கையில் இப்போது உன் பெயர் காரணமாக இல்லை. மாற்றம் சரியாக ஆராயப்படவில்லை, பாதிக்கப்படுகிறவரிடம் கேட்கப்படவில்லை, இரண்டு மாற்றங்கள் தனித்தனியாகப் பார்க்கப்பட்டன என்று எழுதியிருக்கிறார்கள். கால் அனுமதித்தால் நீ தளத்துக்கே திரும்பலாம். யூஸ்தைனைத் திரும்ப அனுப்பிவிட்டார்கள். முதல் நாளே ஓலெசுண்டுக்காரனைக் கல்லிலிருந்து விரட்டிவிட்டு அவனே ஸ்வேலே சுட்டான். ஹெட்மாஸ்டர் இரண்டு சாப்பிட்டார்.

நேற்று மார்கித் வீட்டுக்கு வந்தாள். மணி அடித்துவிட்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. “உன் ரெண்டாவது லெட்டர் வர்றதுக்கு முன்னாடி மூணு வாரமா அவர் யாரோடயும் சரியாப் பேசலை. டாக்டர்கிட்ட மறதிக்குப் பரிசோதனை இருக்கான்னு கேட்டிருக்கார், எனக்குத் தெரியாம. அந்த லெட்டர் வந்த அன்னிக்குச் சிரிச்சார். ‘மார்கித், என் தலை நல்லாத்தான் இருக்கு’ன்னு சொல்லிச் சிரிச்சார், அழுதார். அப்புறம் அரை மணி நேரம் உன்னைத் திட்டினார்” என்றாள். என்னவெல்லாம் திட்டினாய் என்று கேட்டேன். சொன்னாள். அதில் இரண்டு வார்த்தை நான் பழைய டீசல் இன்ஜின் வெடித்த அன்றைக்குக்கூடக் கேட்டதில்லை. “நானும் திட்டணும்னுதான் வந்தேன். அவரே எல்லாத்தையும் சொல்லிட்டார்” என்று சொல்லிவிட்டு, என் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டாள். கதவை மூடிய பிறகு நான் அழுதேன். இந்த வயதில் நின்றபடியே அழுதால் முட்டி வலிக்கிறது.

மார்கித் நாளை பெர்கன் வருகிறாள், இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். இதோடு ஒரு படிவமும் இருக்கிறது.

மிரளாதே. புதிய மாற்றம் ஒன்று வரப்போகிறது. லீவரை எடுத்தாலும் பத்து விநாடி மோட்டார் சுற்றாதபடி பூட்டு வைக்க வேண்டும் என்பது என் யோசனை. அந்தப் பத்து விநாடியும் சாய்பாலத்துக்குப் பக்கத்தில் ஏதாவது சத்தம் கேட்க வேண்டும். ஹால்வர்ட் ஹார்ன் என்கிறார், ஊரே எழுந்து உட்காரும். பெண்டிக் சுழலும் விளக்கு என்கிறான், கம்பியால் குனிந்து தட்டுகிறவனுக்கு விளக்கு எங்கே தெரியும்? நான் மணி என்கிறேன், காற்றடித்தால் அது கேட்குமா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் மூன்று பேரும் அந்த விளிம்பில் நின்று ஒரு நாளும் பனிக்கட்டி தட்டியதில்லை. நான் கரையில் இருந்தாலும் இந்தப் படிவத்தை என்னைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறான் பெண்டிக், தண்டனையா கௌரவமா என்று புரியவில்லை. எல்லாக் கட்டத்தையும் பென்சிலால் நிரப்பியிருக்கிறேன், உனக்குப் பிடிக்காததை அழித்துவிடு. உன் கட்டத்தை மட்டும் தொடவில்லை.

அதில் நீ என்ன எழுதினாலும் சரி. ‘வேண்டாம்’ என்று எழுது. ‘முட்டாள்கள்’ என்று எழுது. ‘தோர்தீஸ் ஏறுகிற கப்பலில் இனிமேல் நிற்க மாட்டேன்’ என்று எழுதினாலும் அதை அப்படியே மேலே அனுப்பிவைப்பேன். உன் கையால் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

மான் கறி அப்படியே இருக்கிறது. நீ ஊன்றுகோலோடு வந்தாலும் வாசலில் இரண்டே படி.

நீ விடுப்பில் இருக்கிறாய் எல்டார், எனக்குத் தெரியும். விடுப்பில் இருக்கிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதும் தெரியும். இருந்தாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு உன் நம்பருக்குப் போன் அடிப்பேன். அக்டோபரிலேயே அடித்திருக்க வேண்டியது. டிராயரைத் திறந்து அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்.

அடித்தால், தயவுசெய்து எடு.

தோர்தீஸ்